தம்புராத் தந்தியும் எலெக்ட்ரானும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

இசையும் நாடகமும் காத்திருக்கும் மேடையில் பௌதிக ஆசிரியர்கள் வந்து நின்றால் சபையோருக்குச் சற்றுக் கலக்கம் உண்டாவது இயல்பே. நாடகக்காரர்கள் வேடம் தரிக்க அரை மணி நேரம் வேண்டும், அதுவரை பேசுங்கள் என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். எழுதியவர்கள் இருவர், படிப்பவர் ஒருவர். பிழை இருந்தால் இருவர் தலையிலும் போடுங்கள்.

கல்லூரியில் பல்லாண்டுகள் கற்பித்து ஓய்வு பெற்ற நாங்கள் இருவரும், ஞாயிறுதோறும் காலையில் சங்கத்தின் மாடி அறையில் நம் குடியிருப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி வருவதை உங்களுள் பலர் அறிவீர்கள். வருவோரில் பள்ளிப் பிள்ளைகளே பெரும்பாலோர். பௌதிகத்தைச் சிறப்புப் பாடமாக எடுத்துப் பட்டப் படிப்புப் படிப்போர் ஆண்டுக்கு இருவர் அல்லது மூவர் வருவர். அவர்களைப் பற்றியும், அவர்களுள் குறிப்பாக ஒருத்தியைப் பற்றியும் இன்று பேச விழைகிறோம். பெயர் சொல்லமாட்டோம். அவள் இந்தச் சபையில்தான் அமர்ந்திருக்கிறாள். அவளிடம் கேட்டுக்கொண்ட பிறகே பேசுகிறோம்.

சென்ற மழைக்காலத்தில் ஒரு ஞாயிறு, வகுப்பு முடிந்த பின் அவள் தனியே நின்றாள். "மாமா, நான் இந்தப் படிப்பை விட்டுவிடலாம் என்றிருக்கிறேன். அப்பாவும் கம்ப்யூட்டர் படிப்புக்கு மாறிக்கொள் என்கிறார்" என்றாள். அலைகளையும் ஒளியையும் பற்றிய தாளில் வகுப்பிலேயே முதல் மதிப்பெண் வாங்கியவள் அவள். குவாண்டம் இயக்கவியல் தொடங்கியதும் கல்லூரியின் உள் தேர்வில் நாற்பதுக்குப் பதினொன்றுதான் வந்தது. அம்மதிப்பெண்ணைவிட அவளை வருத்தியது வேறொன்று. ஆசிரியர் கரும்பலகையில் அலைச் சமன்பாடு ஒன்றை எழுதியபோது இவள் எழுந்து, "சார், இது எதன் அலை?" என்று கேட்டாளாம். "அந்தக் கேள்வி உனக்கு வேண்டாம், கணக்கைப் போடு, விடை வரும்" என்று பதில் வந்ததாம். வகுப்பு முழுதும் சிரித்ததாம்.

அவ்வாசிரியரைக் குறை கூற எங்களுக்கு நா எழவில்லை. முப்பது ஆண்டுகளில் எத்தனை பிள்ளைகளை நாங்களே அவ்விதம் உட்காரவைத்திருப்போம் என்று அன்றிரவு எண்ணிப் பார்த்தோம். இத்தனைக்கும் அது மிக நல்ல கேள்வி. 1926-ஆம் ஆண்டில் அச்சமன்பாட்டை எழுதிய ஷ்ரோடிங்கரே அக்கேள்விக்குத் தந்த விடை நிலைக்கவில்லை. அதே ஆண்டில் மாக்ஸ் பார்ன் தந்த விடைதான் நின்றது. பெரியவர்கள் தடுமாறிய இடத்தில் பத்தொன்பது வயதுப் பெண் தடுமாறினால் அவளுக்குப் படிப்பு வராது என்று பொருளாகுமா?

அவள் வீட்டில் பாட்டி காலத்துத் தம்புரா ஒன்று உண்டு. அடுத்த ஞாயிறு அதை எடுத்து வரச் சொன்னோம். புத்தகம் வேண்டா என்றோம்.

தம்புராத் தந்தியின் இரு முனைகளும் அசையாதபடி கட்டப்பட்டிருக்கின்றன. இடையே அது எப்படி வேண்டுமானாலும் ஆடலாம் என்று தோன்றும். ஆனால் நீடித்து நிற்கக்கூடிய அலை, அந்த நீளத்துக்குள் அரை அலைகள் முழு எண்ணாக அடங்கும் அலையே. ஒன்று அடங்கலாம், இரண்டு, மூன்று அடங்கலாம், ஒன்றரை அடங்காது. இவ்வாறு நிற்கும் அலையை நிலையலை என்பர். அதில் அசையாத இடங்களுக்குக் கணு என்று பெயர். தந்தி நொடிக்கு 150 முறை அதிர்வதாகக் கணக்குக்குக் கொண்டால், அதற்கு அடுத்தவை 300, 450, 600. நடுவில் விரலை இலேசாகத் தொட்டு மீட்டினால் 300 கேட்கும். அது மேல் ஸட்ஜம். மூன்றில் ஒரு பங்கில் தொட்டால் 450. அது மேல் ஸ்தாயிப் பஞ்சமம். வீணை பயின்ற தாய்மார்களுக்கு இதை நாங்கள் சொல்லவே தேவையில்லை.

"200 எங்கே போயிற்று?" என்று கேட்டோம்.

"இரண்டு முனையையும் கட்டிவிட்டோமே மாமா, அது எப்படி நிற்கும்?" என்றாள்.

அந்த ஒரு வாக்கியத்தை நோட்டுப் புத்தகத்தில் எழுதச் சொன்னோம். குவாண்டம் என்ற சொல்லைக் கேட்டு நடுங்கும் மாணவர்களுக்கு நாங்கள் கூற விரும்புவது, அப்பாடத்தின் முதல் அதிசயம் இந்த வாக்கியத்துக்குள்ளேயே இருக்கிறது என்பதுதான். ஆற்றல் தொடர்ச்சியாக வராமல் படிப்படியாக ஏன் வருகிறது என்பதற்கு விடை அதுவே. எலெக்ட்ரானை ஓர் இடத்துக்குள் கட்டினால் அதன் அலையும் கட்டுண்கிறது. கட்டுண்ட அலைக்கு முழு எண் வந்து சேர்கிறது.

எலெக்ட்ரானுக்கு அலை ஏது என்று கேட்பீர்கள். 1924-இல் பிரெஞ்சு நாட்டு லூயி டி பிராய், ஓடும் பொருள் ஒவ்வொன்றுக்கும் ஓர் அலைநீளம் உண்டு, பொருளின் உந்தம் மிகுந்தால் அலைநீளம் குறையும் என்று தம் பட்ட ஆராய்ச்சிக் கட்டுரையில் எழுதினார். உந்தம் என்பது எடையுள்ள பொருளின் ஓட்ட வலிமை. நிறையை வேகத்தால் பெருக்க வருவது. 160 கிராம் கிரிக்கெட் பந்து நொடிக்கு 40 மீட்டர் வேகத்தில் வந்தால் அதன் அலைநீளம், தசமப் புள்ளிக்குப் பின் முப்பத்துமூன்று சுழிகள் இட்டு ஒன்று என்று எழுதவேண்டிய அளவு மீட்டர். ஆகையால் ஈடன் தோட்டத்தில் பந்தாடுவோர் அதைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. எலெக்ட்ரான் மிக இலேசானது. அதன் அலை அணுக்களின் இடைவெளியோடு ஒப்பிடத்தக்க நீளம் உடையது. அமெரிக்காவில் டேவிசன், ஜெர்மர் என்னும் இருவர் 1927-இல் 54 வோல்ட் அழுத்தத்தால் முடுக்கிய எலெக்ட்ரான்களை நிக்கல் படிகத்தின்மேல் விழச்செய்தனர். அவை 50 பாகைக் கோணத்தில் மிகுதியாகச் சிதறி வந்தன. அதிலிருந்து கணித்த அலைநீளம் 0.165 நானோமீட்டர், டி பிராய் விதிப்படி வரவேண்டியது 0.167. ஒரு நானோமீட்டர் என்பது மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. ஸ்காட்லாந்தில் ஜி. பி. தாம்சனும் அதே ஆண்டில் வேறு வழியில் இவ்வலையைக் கண்டார். 1897-இல் எலெக்ட்ரானைத் துகள் என்று கண்டறிந்தவர் இவருடைய தந்தையார் ஜே. ஜே. தாம்சன். தகப்பனாருக்குத் துகளுக்காகவும் மகனுக்கு அலைக்காகவும் நோபல் பரிசு கிடைத்தது. இருவர் கூறியதும் சரி. குடும்பத்தில் இப்படி ஓர் உடன்பாடு அபூர்வம்.

இனித் தந்தியையும் எலெக்ட்ரானையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். ஒரு நானோமீட்டர் நீளமுள்ள பெட்டிக்குள் எலெக்ட்ரான் அடைபட்டிருப்பதாகக் கொண்டால், அதன் முதல் ஆற்றல் நிலை 0.376 எலெக்ட்ரான் வோல்ட். அடுத்தது 1.50, அதற்கடுத்தது 3.38. தந்தியில் 1, 2, 3 என்று ஏறிய விகிதம் இங்கே 1, 4, 9 என்று ஏறுகிறது. படம் வரைந்தால் இரண்டுக்கும் ஒரே படந்தான். எண் மட்டும் வேறு. பிள்ளைகள் பலர் வழுக்கி விழும் படி இதுதான். தந்தியில் நீண்ட அலையும் குறுகிய அலையும் ஒரே வேகத்தில் ஓடுகின்றன; அலைநீளம் பாதியானால் அதிர்வெண் இரு மடங்காகும். எலெக்ட்ரானில் அலைநீளம் பாதியானால் உந்தம் இரு மடங்காகும். ஆற்றலோ உந்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, ஆதலால் நான்கு மடங்காகும். எவ்வளவு தூரம் தந்தி நம்மோடு கூட வருகிறது, எந்த இடத்தில் கையை விடுகிறது என்பதை அறிவதே இப்படிப்பு. முதல் தாளை ஒருவர், பின்னதை இன்னொருவர் என்று பிரித்துக் கற்பிக்கும்போது அந்த இடம் ஒருவர் கண்ணிலும் படாமல் போகிறது.

அடுத்து அவள் கேட்ட கேள்வி. எதன் அலை?

மாடி அறையின் சன்னல்களைச் சாத்திவிட்டு, சொற்பொழிவாளர்கள் சுட்டிக்காட்டப் பயன்படுத்தும் சிவப்பு லேசர் விளக்கு ஒன்றைப் பொருத்தினோம். அதன் வழியில் அவளுடைய தலைமயிர் ஒன்றை நெட்டாகக் கட்டினோம். இரண்டு மீட்டர் தொலைவில் இருந்த சுவரில் ஒளியும் இருளும் மாறிமாறி விழுந்தன. இருளுக்கும் இருளுக்கும் இடையே ஏறத்தாழ 16 மில்லிமீட்டர். அவ்வொளியின் அலைநீளம் 650 நானோமீட்டர் என்பதைக் கொண்டு அவளே கணக்கிட்டாள்: மயிரின் பருமன் 0.08 மில்லிமீட்டர். தன் தலைமயிரை ஒளியால் அளந்ததில் அவளுக்கு உண்டான மகிழ்ச்சி பெரிது. வீட்டில் செய்து பார்க்கும் பிள்ளைகள் அவ்விளக்கின் கதிரைக் கண்ணில் படவிடக் கூடாது. பெரியவர்கள் உடனிருக்க வேண்டும்.

ஒளியில் இருள் உண்டாவது, அலையின் மேடும் இன்னோர் அலையின் பள்ளமும் சேர்ந்து அழிவதால். எலெக்ட்ரான்களை அனுப்பினாலும் இத்தகைய கோடுகள் கிடைக்கின்றன. ஜப்பானில் டோனோமுராவும் அவருடைய குழுவினரும் எலெக்ட்ரான்களை ஒவ்வொன்றாக அனுப்பிப் படம் பிடித்து 1989-இல் வெளியிட்டனர். எலெக்ட்ரான் ஒவ்வொன்றும் திரையில் ஒரு புள்ளியாகவே வந்து விழுகிறது. பத்துப் புள்ளி, நூறு புள்ளி வரையில் கோலப்பொடி சிந்தியதுபோல் ஒழுங்கின்றிக் கிடக்கிறது. ஆயிரக்கணக்கில் சேரச் சேரக் கோடுகள் தெளிவாகின்றன. ஒரே நேரத்தில் இரண்டு எலெக்ட்ரான்கள் சந்தித்து ஒன்றையொன்று அழித்தன என்று சொல்ல வழியே இல்லை; உள்ளே இருந்தது ஒன்றுதான்.

தந்தியின் அலை, தந்தியின் அசைவு; கண்ணால் காணலாம். நீரலை, நீரின் ஏற்றத் தாழ்வு. எலெக்ட்ரானின் அலைக்கு அத்தகைய உடல் ஏதும் இல்லை. அதன் வீச்சை வர்க்கம் செய்தால், எலெக்ட்ரான் அந்த இடத்தில் அகப்படுவதற்குள்ள நிகழ்தகவு கிடைக்கும். இதுவே பார்ன் கூறிய விடை. மரபு அலைகளிலும் வீச்சின் வர்க்கம் வருகிறது. அங்கே அது சத்தத்தின் அல்லது ஒளியின் மிகுதி. கணக்கு ஒன்றே, பொருள் முற்றிலும் வேறு. மற்றொரு வேறுபாட்டையும் அவளுக்குக் காட்டினோம். தந்தி அலைக் கணக்கில் கற்பனை எண்ணை ஒரு வசதிக்காகக் கொண்டுவந்து, முடிவில் விட்டுவிடுகிறோம். ஷ்ரோடிங்கர் சமன்பாட்டிலோ அது வீட்டுக்காரராகவே குடியிருக்கிறது.

இவ்விடையால் அவள் முழுதும் நிறைவடைந்தாள் என்று சொல்லமாட்டோம். "அப்படியானால் அந்த அலை உண்மையில் இருக்கிறதா மாமா?" என்றாள். அறிஞர்கள் இன்றளவும் அது பற்றி வாதாடுகிறார்கள் என்றோம். அதைக் கேட்டு அவள் முகம் மலர்ந்ததைக் கண்டு நாங்கள் வியந்தோம். தனக்கு மட்டுமே புரியவில்லை என்று எண்ணியிருந்தாளாம்.

இந்தக் கொல்கத்தா நகரில் இருந்துகொண்டு அலைகளைப் பற்றிப் பேசும்போது ஒருவரை நினையாமல் இருத்தல் இயலாது. 1907-ஆம் ஆண்டில் பதினெட்டு வயதுத் தமிழ் இளைஞர் ஒருவர் நிதித் துறையில் உயர் அலுவலராக இங்கே வந்து சேர்ந்தார். நம்மவர் பலரைப்போல உத்தியோகத்தின் பொருட்டு வந்தவர்தாம். திருச்சிராப்பள்ளியில் பிறந்த சந்திரசேகர வெங்கட ராமன் அவர். பௌபஜார் தெரு 210-ஆம் எண் கட்டடத்தில், மகேந்திரலால் சர்க்கார் 1876-இல் நிறுவிய அறிவியல் வளர்ச்சிக் கழகம் இருந்தது. அலுவலகம் போகுமுன்னும் வந்தபின்னும் ராமன் அங்கே சென்று ஆராய்ந்தது என்ன? பிடில் தந்தி, வீணை, தம்புரா, மிருதங்கம். 1917-இல் அதிகச் சம்பளம் தந்த அரசுப் பதவியை விட்டுப் பல்கலைக்கழகத்தில் பாலித் பேராசிரியர் ஆனார். வீட்டில் என்ன சொன்னார்களோ, அது நமக்குத் தெரியாது.

தந்தியை மீட்டும் இடத்தில் எந்தச் சுரத்துக்குக் கணு இருக்கிறதோ அச்சுரம் எழக்கூடாது என்பது பாடநூல் விதி. தம்புராவில் அவையும் எழுகின்றன என்று ராமன் 1921-இல் எழுதினார். வளைந்த குதிரையும் அதன்மேல் இடும் ஜீவாளி நூலும் செய்யும் வேலை அது. மிருதங்கத்தின் செய்தி இன்னும் சுவையானது. வெறும் தோலை இழுத்துக் கட்டித் தட்டினால் அதன் அதிர்வெண்கள் 1, 1.59, 2.14, 2.30 என்று ஒன்றோடொன்று சேராமல் வரும்; காதுக்கு அது இரைச்சல். வலந்தலையின் நடுவில் இடும் கரணை, சோறு என்றும் சிலர் சொல்வர், அவ்வதிர்வுகளைச் சீர்செய்து சுரமாக்குகிறது. இதை ராமனும் சிவகாளி குமாரும் 1920-இல் வெளியிட்டனர். ஒன்பது வகை அதிர்வுகள் ஐந்து சுரங்களாகத் திரள்கின்றன என்று பின்னர் 1934-இல் ராமன் விரித்துரைத்தார். வேறு வேறு வடிவுடைய அதிர்வுகள் ஒரே சுரத்தில் வந்து கூடுவதை மிருதங்கத்தில் கண்ட மாணவனுக்கு, ஹைட்ரஜன் அணுவின் இரண்டாம் ஆற்றல் நிலையில் நான்கு வடிவ அலைகள் ஒரே ஆற்றலோடு நிற்பது புதிதாகத் தோன்றாது. நம் பெண்ணின் தம்பி மிருதங்கம் பயில்கிறான். வலந்தலையில் மணலைத் தூவித் தட்டி அவ்வடிவங்களைப் பார்க்க இருவரும் முயன்றதையும், அதற்காக வித்துவானிடம் வாங்கிக்கட்டிக்கொண்டதையும் அவர்களே சொல்லக் கேளுங்கள்.

பிறகு 1928 பிப்ரவரி 28. ராமனும் கே. எஸ். கிருஷ்ணனும் பௌபஜார் தெருவில் கண்ட ஒளிச் சிதறலுக்கு 1930-இல் நோபல் பரிசு வந்தது உலகறிந்தது. ஆனால் அதில் மரபு அலையும் குவாண்டமும் சந்திக்கும் இடத்தை நம் பாடநூல்கள் விரைவாகக் கடந்துவிடுகின்றன. மூலக்கூறு தந்திபோல் அதிர்ந்துகொண்டிருக்கிறது. அதன்மேல் ஒளி பட்டால், மூலக்கூறின் அதிர்வெண் ஒளியின் அதிர்வெண்ணோடு கூடியும் அதிலிருந்து கழிந்தும் இரு புதிய கோடுகள் வெளிப்பட வேண்டும். இவ்வளவையும் மரபு அலைக் கணக்கே கூறிவிடும். ஆனால் அக்கணக்கால் இரு கோடுகளும் ஏறக்குறைய ஒத்த ஒளியோடு இருத்தல் வேண்டும். உண்மையில் கழிந்த கோடு பளிச்சென்றும் கூடிய கோடு மிக மங்கலாகவும் தெரிகின்றன. ஒளிக்கு ஆற்றலைக் கொடுக்க வேண்டுமானால் மூலக்கூறு முன்பே ஒரு படி ஏறி நிற்க வேண்டும். பென்சீனின் முதன்மையான அதிர்வில், சாதாரண வெப்பநிலையில் அவ்வாறு ஏறி நிற்பவை நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. கையில் இல்லாதவன் எப்படிக் கொடுப்பான்? படிகள் உண்டு என்று ஒப்புக்கொண்டால்தான் அந்த மங்கல் விளங்கும்.

இப்படிப்பினால் பிழைப்புக்கு வழி உண்டா என்று பெற்றோர் கேட்பது நியாயமே. இந்திய அரசு 2023-இல் தேசிய குவாண்டம் திட்டத்துக்கு 6003.65 கோடி ரூபாய் ஒதுக்கியது; 2025-ஐ ஐக்கிய நாடுகள் சபை குவாண்டம் ஆண்டாகக் கொண்டாடியது. இவற்றைக் கேட்டுப் பிள்ளையைப் பௌதிகத்தில் சேர்ப்பவர்கள் அடுத்த ஆண்டு வேறொன்றைக் கேட்டு வெளியே எடுத்துவிடுவார்கள். பொறியியலில் இடம் கிடைக்காதவர்கள் ஒதுங்கும் திண்ணை இது என்று நம் குடியிருப்பில் ஒரு பேச்சு உலவுகிறதே, அதை மட்டும் பிள்ளைகள் காதில் விழும்படி பேசாதீர்கள். அவள் தந்தையிடமும் இதையே கேட்டுக்கொண்டோம். அவர் உடனே இசையவில்லை. ஒரு பருவத் தேர்வு வரை பொறுப்பதாகச் சொன்னார்.

தேர்வும் வந்தது. அவள் தேறினாள், பெரிய மதிப்பெண் என்று சொல்வதற்கில்லை. அதற்குப் பின் வந்த ஞாயிறன்று மீண்டும் ஒரு கேள்வியோடு வந்தாள். பெட்டியின் சுவர் உயரம் குறைவாக இருந்தால் எலெக்ட்ரானின் அலை சுவருக்குள் சிறிது நுழைகிறதாம். சுவர் மெலிதாக இருந்தால் மறுபுறமும் வெளிப்படுகிறதாம். 1928-இல் காமோவ் இதைக் கொண்டுதான் அணுக்கருவிலிருந்து ஆல்ஃபாத் துகள் வெளியேறுவதை விளக்கினார். தந்தியில் இதற்கு ஒப்பு எது என்று கேட்டாள்.

தந்தியில் காட்டுவது எளிதன்று. ஒளியில் காட்டலாம் என்று ஒரு கண்ணாடித் தம்ளரில் நீர் நிரப்பிக் கையில் கொடுத்தோம். மேலிருந்து சாய்வாக நீரினூடே பக்கச் சுவரைப் பாருங்கள். வெள்ளி பூசியதுபோல் பளபளக்கும், வெளியே பிடித்திருக்கும் விரல் தெரியாது. ஒளி முழுவதும் திரும்பிவிடுகிறது. விரலை இறுக அழுத்துங்கள். ரேகை மட்டும் வரி வரியாகத் தோன்றும். திரும்பிவிடும் ஒளியின் அலை, கண்ணாடிக்கு வெளியே மிகச் சிறு தொலைவு எட்டிப் பார்க்கிறது. ரேகையின் மேடு அதற்குள் வந்தவுடன் அகப்பட்டுக்கொள்கிறது. இதே நகரில், பிரெசிடென்சிக் கல்லூரியில், ஜகதீச சந்திர போஸ் மின்காந்த அலைகளைக்கொண்டு கண்ணாடித் துண்டுகளுக்கிடையே உள்ள காற்று இடைவெளியை மாற்றி மாற்றி இதனை அளந்து 1897-இல் வெளியிட்டார். எலெக்ட்ரான் ஒரு துகள் என்று தாம்சன் அறிவித்த அதே ஆண்டு.

அவள் தம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாள். பிறகு, "இதை ஏன் மாமா முதல் ஆண்டிலேயே காட்டவில்லை?" என்றாள். எங்களிடம் விடை இல்லை. இவ்வாண்டு முதல் ஞாயிறு வகுப்பில் பாட வரிசையை மாற்றிவிட்டோம். தந்தி, தோல், ஒளி, எலெக்ட்ரான் என்று ஒரே ஓட்டமாகச் செல்கிறோம். இது எங்கள் கண்டுபிடிப்பன்று. பெர்க்லி நகரின் கிராஃபோர்டு 1968-இல் வெளியிட்ட அலைகள் பற்றிய பாடநூலில் வீட்டில் செய்யும் சோதனைகளையும் டி பிராய் அலைகளையும் ஒன்றாகவே வைத்தார். அதைப் படித்திருந்தும் நாங்கள் அவ்வழியில் நடக்கவில்லை, அவ்வளவே.

திரை தயார் என்று செயலாளர் சைகை காட்டுகிறார். ஒரு விண்ணப்பத்தோடு அமர்கிறோம். எங்கள் வகுப்புக்கு ஒரு பழைய மிருதங்கம் தேவைப்படுகிறது. வலந்தலை கிழியாமல் இருந்தால் போதும். தந்தி அறுந்த வீணை, தம்புரா எதுவானாலும் கொடுத்துதவுங்கள். தந்தியை நாங்கள் வாங்கிக்கொள்கிறோம். மணலைத் தூவமாட்டோம் என்று உறுதி கூற இயலவில்லை. மாடி அறை ஞாயிறு காலை ஒன்பது மணிக்குத் திறந்திருக்கும்.